பல் முளைக்கவே இல்லையா? குடலைப் பார்க்க வேண்டியவர் யார், வேண்டாதவர் யார்

பால்பல் விழுந்து வருடக்கணக்காகியும் இடம் காலியாகவே கிடக்கிறது. பல் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உள்ளே பல்லே இல்லைங்க, பிறவியிலேயே இல்லை" என்கிறார். அதுவரை அது பல் பிரச்சினைதான். வீட்டுக்கு வந்து கைபேசியில் தேடியதும் புற்றுநோய்ப் பிரச்சினை ஆகிவிடுகிறது.

பல் முளைக்காததற்கும் பெருங்குடல் புற்றுக்கும் தொடர்பு உண்டு என்பது கட்டுக்கதை அல்ல. ஆனால் மிகச் சிலருக்கே பொருந்தும். ஞானப்பல் நீங்கலாக ஒன்றிரண்டு பல் முளைக்காதவர்கள் உலகில் நூற்றுக்குச் சுமார் 6 பேர். ஆண்களைவிடப் பெண்களில் சற்று அதிகம். இவர்கள் புற்றுநோயை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 6 அல்லது அதற்கு மேல் முளைக்காதவர்கள் ஆயிரத்துக்கு ஒருவர், இருவர்தான். அவர்களுக்கும், முளைக்காத பற்களோடு குடும்பத்தில் பெருங்குடல் புற்றோ பாலிப்போ (குடலின் உள்சுவரில் வளரும் சிறு சதைத் திரட்சி) ஓடுகிறவர்களுக்கும்தான் கீழே உள்ள வேலைகள்.

முதலில் ஒழுங்காக எண்ணுங்கள்

கண்ணாடி முன் நின்று, மேல்தாடையின் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக விரலை வைத்து எண்ணிக்கொண்டு போங்கள். முன்பல் இரண்டு, கோரைப்பல் ஒன்று, முன்கடைவாய்ப்பல் இரண்டு, கடைவாய்ப்பல் இரண்டு. ஆக 7. நான்கு கால்பகுதிக்கும் சேர்த்து 28. எட்டாவதான ஞானப்பல்லைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. ஐந்தில் ஒருவருக்கு மேல் ஏதாவதொரு ஞானப்பல் இல்லாமல்தான் இருக்கிறார்கள். "எனக்கு நாலு பல் முளைக்கல" என்று பயந்து வருகிறவர்களில் பாதிப்பேரின் பயம் இங்கேயே தீர்ந்துவிடும்.

அடிக்கடி காணாமல் போவது கீழ்த்தாடையின் இரண்டாம் முன்கடைவாய்ப்பல். பல் டாக்டர் சீட்டில் 35, 45 என்று எழுதுவது இதைத்தான். அடுத்து மேல்தாடையில் நடுப்பல்லுக்குப் பக்கத்துப் பல், அதாவது 12, 22. அதற்கடுத்து 15, 25. இந்த இடங்களில் மட்டும் ஒன்றிரண்டு இல்லையென்றால் அது வழக்கமான சங்கதி. நடுப்பல்லோ கோரைப்பல்லோ முதல் கடைவாய்ப்பல்லோ முளைக்காதது அபூர்வம். அப்படி இருந்தால் மீதிப் பற்களையும் கவனமாக எண்ண வேண்டும்.

எண்ணும்போது ஏமாற்றுவது பால்பல். அடியில் நிரந்தரப் பல் இல்லாதபோது பால் கடைவாய்ப்பல் விழாமல் 30, 40 வயதுவரைகூட நின்றுவிடும். எண்ணிக்கை 28 சரியாக வரும், ஆனால் உண்மையில் ஒன்று குறைவு. பக்கத்துப் பற்களைவிட உயரம் குறைந்து, ஈறு மட்டத்தில் அமுங்கியது போல ஒரு பல் தெரிந்தால் அதுவே பால்பல்லாக இருக்கலாம். ஆப்பு மாதிரிக் கூம்பிச் சிறுத்த பல் இருந்தால், அதைக் குறைவாக எண்ணாமல் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் இதே குடும்பக் கோளாறின் லேசான வடிவமாக இருக்கலாம்.

எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாதவையும் உண்டு. சொத்தைக்குப் பிடுங்கியது, விழுந்து உடைந்தது, கிளிப் போடுவதற்காக எடுத்தது ஆகியவை வேண்டாம். கிளிப்புக்காக எடுக்கும் பற்கள் பெரும்பாலும் முன்கடைவாய்ப்பற்கள்தான் என்பதால் நிறையப் பேர் இங்கே குழம்புகிறார்கள். உதட்டுப் பிளவு உள்ள பக்கத்தில் ஒரு முன்பல் இல்லாதது அந்தப் பிளவோடு சேர்ந்த விஷயம். ஈறு நோயால் பல் ஆடி விழுந்தவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு அதிகம் என்று வரும் செய்திகள் பேசுவது முற்றிலும் வேறு பொருள். பல் உதிர்வது வேறு, உருவாகாமலே போவது வேறு.

இன்னொன்று பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்வது. சின்ன வயதில், குறிப்பாக 5, 6 வயதுக்குள், ரத்தப் புற்றுக்கோ வேறு புற்றுக்கோ கீமோதெரபியோ தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சோ பெற்ற குழந்தைகளுக்குப் பல் அரும்புகள் கருகிப்போய் நிரந்தரப் பற்கள் முளைக்காமல் போகும். அங்கே புற்றுநோய்ச் சிகிச்சைதான் காரணம், பல் இல்லாதது அதன் விளைவு. மரபணுவைத் தேட வேண்டாம்.

ஓபிஜி எக்ஸ்ரே

கண்ணால் எண்ணியது போதாது. பல் உள்ளே சாய்ந்து கிடந்து வெளியே வராமலும் இருக்கலாம். மேல் கோரைப்பல்லுக்கு இது மிகவும் சகஜம். ஒரு பல்லை மட்டும் பிடிக்கும் சின்ன எக்ஸ்ரே இதற்கு ஆகாது. இரண்டு தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி வேண்டும். எடுக்கும்போது தலை அசைந்தால் நடுவில் முன்பல் பகுதி மங்கிவிடும். 12, 22 இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகம் பெரும்பாலும் அப்படி வருவதுதான். மங்கிய படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல விடாதீர்கள், அந்த இடத்துக்கு மட்டும் ஒரு சின்னப் படம் கூட எடுக்கச் சொல்லுங்கள்.

வயதும் முக்கியம். இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லின் அரும்பு சில குழந்தைகளுக்கு 8, 9 வயதுவரை படத்தில் தெரியாமல் இருந்து பிறகு தெரியும். 6 வயதுக் குழந்தையின் படத்தைப் பார்த்து "45 இல்லை" என்று எழுதினால் அதை முடிவாக எடுக்காதீர்கள். ஞானப்பல்லைப் பற்றி 14 வயதுக்கு முன் பேசிப் பயனில்லை.

படத்தின் கணினிக் கோப்பையும் கேட்டு வாங்கி, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். 20 வருடம் கழித்து, பல் பிடுங்கியதா முளைக்கவில்லையா என்ற கேள்விக்கு இருக்கப்போகும் ஒரே சாட்சி அதுதான்.

குடும்ப மரம்: இதுதான் பாதி வேலை

மரபணு ஆலோசகர் முதலில் கேட்பது ரத்தத்தை அல்ல, குடும்பத்தை. ஒரு பெரிய தாளில் மூன்று தலைமுறையை வரையுங்கள். ஆண் சதுரம், பெண் வட்டம், இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு, சொந்தத்தில் கல்யாணம் என்றால் தம்பதியை இணைக்க இரட்டைக் கோடு. அக்கா மகளைக் கட்டியவர், மாமன் மகளைக் கட்டியவர் எல்லாரையும் மறைக்காமல் போடுங்கள். அப்பா, அம்மா இரண்டு பக்கமிருந்தும் ஒரே மரபணுப் பழுது வந்தால் நோயின் முகமே மாறும்.

ஒவ்வொருவருக்கும் கீழே இரண்டு வரி: பல் ஒன்று, புற்றுநோய் ஒன்று. உதாரணத்துக்கு: "அப்பாவின் தங்கை. கீழே இரு பக்கமும் ஐந்தாம் பல் முளைக்கவில்லை, மேலே நான்கு பல் பிடுங்கியது. 52 வயதில் மலக்குடல் புற்று, ஆபரேஷன், ரிப்போர்ட் உண்டு." எந்த உறுப்பில், எந்த வயதில் என்ற இரண்டும் இல்லாத தகவல் பாதித் தகவல்தான்.

நம் உறவுச் சொற்கள் இங்கே காலை வாரும். "அத்தைக்குக் குடல் புற்று" என்றால் அப்பாவின் கூடப்பிறந்தவரா, மாமாவின் மனைவியா, மாமியாரா? "சித்தி" அம்மாவின் தங்கையா, சித்தப்பாவின் மனைவியா? ரத்த வழி உறவு மட்டுமே கணக்கில் வரும். அதனால் உறவுப் பெயரை எழுதாதீர்கள். "அம்மாவின் தங்கை" என்று விரித்து எழுதுங்கள்.

நோய்ப் பெயர்களும் அப்படித்தான். "வயித்துல கட்டி", "குடல் புண்", "மூலம் முத்திப்போச்சு" என்று சொல்லப்பட்ட சாவுகளில் சில பெருங்குடல் புற்றாக இருந்திருக்கும். "கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க" என்பது ரத்தப்போக்குக்காகவா, புற்றுக்காகவா, சூலகத்தையும் எடுத்தார்களா என்று தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது. பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட் ஏதாவது பீரோவில் கிடக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள்.

பல்செட் மாட்டியிருக்கும் பாட்டியிடம் "உங்களுக்கு எத்தனை பல் இல்லை?" என்று கேட்பதில் பயனில்லை. "பால்பல் விழுந்தப்புறம் அந்த இடத்துல மறுபடி முளைச்சுதா?" என்று கேளுங்கள். சிரித்தபடி இருக்கும் பழைய போட்டோ கிடைத்தால் முன்பல் இடைவெளி தெரியும். கூடவே தலைமுடி, புருவம் மெல்லியதாக இருந்ததா, நகம் சரியாக வளர்ந்ததா, வியர்க்குமா என்பதையும் குறியுங்கள். இவை மரபணுவை அடையாளம் காண உதவும்.

தொடர்பு எங்கிருந்து வந்தது

2004இல் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் ஒரு ஃபின்லாந்துக் குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். அதில் 11 பேருக்குக் குறைந்தது 8 நிரந்தரப் பற்கள் இல்லை. அவர்களில் இரண்டு பேருக்கு வாயில் மொத்தமே 3 நிரந்தரப் பற்கள்தான் முளைத்தன. அந்தப் பல்லில்லாதவர்களில் 8 பேருக்குப் பெருங்குடல் புற்றோ, அதற்கு முந்தைய நிலையோ இருந்தது. காரணம் ஆக்சின்2 என்ற மரபணுவில் ஒரு பழுது.

கருவில் பல் அரும்பு உருவாக 'விண்ட்' எனப்படும் ஒரு செல் சமிக்ஞை அளவோடு ஓட வேண்டும். அது கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும். ஆக்சின்2 அதன் பிரேக். பிறந்த பிறகும் இந்தச் சமிக்ஞை ஓய்வதில்லை. பெருங்குடலின் உள்தோல் சில நாட்களுக்கொருமுறை புதிதாகிக்கொண்டே இருக்கிறது, அந்தப் புதுப்பித்தலை நடத்துவதும் இதுதான். பிரேக் பழுதானால் வாயில் பல் அரும்பாமல் போகிறது, குடலில் செல்கள் நிற்காமல் பெருகிப் பாலிப் ஆகின்றன. பழுது பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50% வாய்ப்பு.

இதை வைத்துப் பல் இல்லாத எல்லாரையும் ஆக்சின்2 பட்டியலில் போட்டுவிட முடியாது. நிறையப் பற்கள் இல்லாதவர்களிடம் அதிகம் காணப்படுவது விண்ட்10ஏ மரபணுப் பழுது. பேக்ஸ்9, எம்எஸ்எக்ஸ்1, ஈடிஏ ஆகியவையும் உண்டு. இவற்றுக்குக் குடல் புற்றுக்கான தனிப் பரிசோதனை அட்டவணை எதுவும் கிடையாது. விண்ட்10ஏயின் இரண்டு பிரதியும், அதாவது அப்பாவிடமிருந்து வந்ததும் அம்மாவிடமிருந்து வந்ததும், பழுதான சிலருக்கு இமை விளிம்பில் சிறு நீர்க்கட்டிகளும், உள்ளங்கை, உள்ளங்காலில் தோல் தடிப்பும், பிற்காலத்தில் தோல் கட்டிகளும் வரும். அவர்கள் தோல் மருத்துவரிடம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சொந்தத்தில் மணம் முடித்த குடும்பங்களில் இதை மறக்கக் கூடாது.

ஈடிஏ பழுது உள்ள ஆண் குழந்தைக்கு ஆபத்து புற்றுநோய் அல்ல, வெயில். வியர்வைச் சுரப்பி இல்லாததால் சாதாரணக் காய்ச்சலிலேயே உடம்பு கொதித்துவிடும். சிந்துப் பகுதியில் பல்லும் முடியும் குறைந்து, வெயிலில் தவித்த ஒரு குடும்பத்து ஆண்களைப் பற்றி டார்வின் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். ஈரத்துணியும் நிழலும் அந்தக் குழந்தைக்குக் கொலோனோஸ்கோபியைவிட, அதாவது ஆசனவாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனையைவிட, முக்கியம்.

மரபணுச் சோதனை: எதைக் கேட்பது

6 பல்லோ அதற்கு மேலோ முளைக்கவில்லை, அல்லது அதைவிடக் குறைவாக இருந்தாலும் ரத்த உறவில் குடல் புற்றோ நிறையப் பாலிப்போ உண்டு என்றால், ஓபிஜியையும் குடும்ப மரத்தையும் எடுத்துக்கொண்டு மரபணு ஆலோசகரைப் பாருங்கள். வேலூர் சிஎம்சி போன்ற பெரிய மருத்துவமனைகளில் இதற்கென்று துறையே இருக்கிறது. நேராக லேபுக்குப் போய்ப் பணம் கட்டாதீர்கள்.

போகுமுன் ஒன்றை உறுதி செய்யுங்கள்: செய்யப்போகும் பேனலில், அதாவது ஒரே சோதனையில் பார்க்கும் மரபணுக்களின் பட்டியலில், ஆக்சின்2 பெயர் இருக்கிறதா? மார்பக, சூலகப் புற்றுக்கான பிஆர்சிஏ சோதனை மட்டும் செய்தால் இது தெரியவே தெரியாது. "எல்லாம் நார்மல்" என்ற ரிப்போர்ட்டோடு நிம்மதியாகப் போய்விடுவீர்கள். முதல் சோதனையைப் பல்லும் இல்லாத, புற்றும் வந்த உறவினருக்குச் செய்வதே சிறந்தது. அவரிடம் பழுது கண்டுபிடிக்கப்பட்டால், மற்றவர்களுக்கு அந்த ஒரே இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறையும். உமிழ்நீர் மாதிரி என்றால் அதற்கு முன் அரைமணி நேரம் சாப்பிடவோ குடிக்கவோ வெற்றிலை, பாக்கு போடவோ கூடாது.

ரிப்போர்ட்டில் 'நோய்க் காரணி' அல்லது 'நோய்க் காரணியாக இருக்கலாம்' என்று வந்தால் மட்டுமே அதை வைத்து அடுத்த நடவடிக்கை. 'பொருள் தெளிவற்ற மாற்றம்', அதாவது வியூஎஸ், என்று வந்தால் அதை வைத்துக் குடலை வெட்டவோ பிள்ளைகளுக்குச் சோதிக்கவோ கூடாது. இந்த வகைதான் வீடுகளில் அதிகக் கலக்கத்தைக் கிளப்புகிறது. ஓரிரு வருடம் கழித்து அதே லேபில் மறுமதிப்பீடு கேளுங்கள், வகை மாறியிருக்கலாம்.

சின்னக் குழந்தைகளுக்கு அவசரப்பட வேண்டாம். குடல் கண்காணிப்பு தொடங்குவதே வளர்ந்த பிறகுதான். பையனோ பெண்ணோ வளர்ந்து தானே முடிவெடுக்கட்டும் என்று விடுவதே பொதுவான வழக்கம். பல் சிகிச்சை இதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

கொலோனோஸ்கோபி

ஆக்சின்2 பழுது உறுதியானவர்களுக்கு அமெரிக்க வழிகாட்டுதல்கள் சொல்வது: 25 முதல் 30 வயதுக்குள் முதல் கொலோனோஸ்கோபி, ஒன்றுமில்லையென்றால் 2, 3 வருடத்துக்கொருமுறை, பாலிப் இருந்தால் எடுத்துவிட்டு 1, 2 வருடத்துக்கொருமுறை. பழுது எதுவும் கிடைக்காமல், ஆனால் அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர் யாருக்காவது குடல் புற்று வந்திருந்தால் பல்லைப் பற்றிய பேச்சே வேண்டாம். 40 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்கு 10 வருடம் முன்னால், எது முந்தியோ அப்போது தொடங்க வேண்டும். அக்காவுக்கு 44இல் வந்தது என்றால் உங்களுக்கு 34.

பரிசோதனை கெடுவது பெரும்பாலும் வயிறு சுத்தமாகாததால். இரண்டு நாள் முன்பிருந்தே கீரை, கேழ்வரகு, கொய்யா, தக்காளி விதை, வெண்டைக்காய், கடலை, எள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் குழைந்த வெள்ளைச் சோறு, இட்லி, வடிகட்டிய ரசம் என்று போங்கள். முந்தைய நாள் தெளிந்த திரவம் மட்டும்: இளநீர், பால் விடாத டீ. சிவப்பு நிறச் சாறு வேண்டாம், உள்ளே ரத்தம் போலத் தெரியும். இரும்புச் சத்து மாத்திரை குடலைக் கருப்பாக்கும், ஒரு வாரம் முன்னால் நிறுத்தச் சொல்வார்கள். பேதி மருந்தின் பாதியை முந்தைய மாலையும், மறு பாதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பும் குடிப்பதே நல்ல பலன் தரும். மொத்தத்தையும் மாலையே குடித்துவிட்டுத் தூங்கினால் விடிவதற்குள் வலதுபக்கக் குடலில் பித்தநீர் படிந்துவிடும். கடைசியாகப் போவது கலங்காத மஞ்சள் நீராக இருக்க வேண்டும். சர்க்கரை மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாமைக்கான மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தவோ தொடரவோ கூடாது.

ரிப்போர்ட்டில் மூன்று இடத்தைப் பாருங்கள். கருவி சீகம் வரை, அதாவது பெருங்குடலின் தொடக்கம் வரை, போனதா? சுத்தத்துக்கான பாஸ்டன் மதிப்பெண் 9க்கு எவ்வளவு? கருவியை வெளியே இழுத்து வரும்போது குறைந்தது 6 நிமிடம் பார்த்தார்களா? சுத்தம் போதவில்லை என்று எழுதியிருந்தால் அந்தப் பரிசோதனை நடக்காததற்குச் சமம். மறுபடி செய்துகொள்ளுங்கள்.

சூலகப் புற்று: இங்கே அவசரம் வேண்டாம்

2008இல் அமெரிக்காவின் கென்டக்கியில் வந்த ஆய்வுதான் இணையத்தில் அதிகம் சுற்றுவது. சூலகப் புற்று வந்த 50 பெண்களில் 20% பேருக்கும், வராத 100 பெண்களில் 3% பேருக்கும் பிறவியிலேயே பல் குறைவு. "8 மடங்கு ஆபத்து" என்ற தலைப்பு அங்கிருந்து வந்தது. தலைகளாக எண்ணினால் அது 10 பேரும் 3 பேரும். அந்த 3 பேர் தற்செயலாக 6 பேராக இருந்திருந்தால் 8 மடங்கு 4 மடங்குக்கும் கீழே இறங்கியிருக்கும். 2014இல் ஸ்லோவேனியாவில் 120 நோயாளிகள், 120 மற்றவர்கள் என்று பார்த்ததில் 19.2%, 6.7% என வந்தது. இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன, ஆனால் பல் குறைவையும் சூலகப் புற்றையும் எந்த மரபணு இணைக்கிறது என்பது நிறுவப்படவில்லை.

எனவே நடுப்பல்லுக்குப் பக்கத்துப் பல் முளைக்காத பெண் வருடாவருடம் சிஏ-125 ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுக்க வேண்டுமா? வேண்டாம். பிரிட்டனில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட சாதாரணப் பெண்களிடம் இவற்றைச் சோதித்து, 2021இல் வெளியான முடிவில் சாவு குறையவில்லை. வீண் பயமும் தேவையற்ற ஆபரேஷனும்தான் மிச்சமாகும். அம்மா, அக்கா, தங்கைக்கு மார்பக அல்லது சூலகப் புற்று இருந்தால் பிஆர்சிஏ பற்றிப் பேசுங்கள், பல்லைப் பற்றி அல்ல. வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் முட்டுவது ஆகியவற்றில் ஏதாவது புதிதாக வந்து மாதத்தில் 12 தடவைக்கு மேல் தொந்தரவு செய்தால், பல் எத்தனை இருந்தாலும் காட்ட வேண்டியதுதான். "மூலம்தான்" என்று நினைத்துத் தள்ளிப்போடும் மலத்தில் ரத்தத்துக்கும் அதே விதி.

பல் கூடுதலாக இருந்தால்

ஓபிஜியில் இதற்கு நேர் எதிரான ஒன்று தென்படலாம்: வழக்கமான எண்ணிக்கைக்கு மேற்பட்டு, முளைக்காமல் உள்ளேயே கிடக்கும் பற்கள், பல் கட்டிகள், தாடை எலும்பில் வெண்மையான எலும்புத் திரட்சிகள். விண்ட் பாதையில் ஆக்சின்2வோடு கைகோத்து வேலை செய்யும் ஏபிசி (APC) மரபணு பழுதானவர்களில் ஒரு பகுதியினருக்கு இப்படி இருக்கும். அவர்களுக்குக் குடலில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பாலிப் வரும். விட்டுவிட்டால் நடுவயதுக்குள் ஏறக்குறைய எல்லாருக்கும் புற்றாகும். ஒன்றிரண்டு பல் இல்லாததைவிட இந்தப் படம் பல மடங்கு அவசரமானது. ஒரே ஒரு கூடுதல் பல் என்பது சாதாரணமாகவும் வரும். ஆனால் எலும்புத் திரட்சியும் கூடுதல் பல்லும் சேர்ந்து தெரிந்தால், குழந்தையாக இருந்தாலும், கிளிப் போடும் தேதியைத் தள்ளி வைத்துவிட்டுக் குடல் நோய் மருத்துவரிடம் அந்தப் படத்தை முதலில் காட்டுங்கள்.